சிவப்புப் பொத்தான்

மென்பொருளில் பிழை பிடிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் அந்த அரங்கில் கூடி, தங்கள் தொழிலின் வருங்காலத்துக்குப் பொது நெறிகள் வகுத்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து எல்லாமே ஒருமனதாக நிறைவேறின. கடைசி நெறி திரையில் வந்தது: இனி இயந்திரமே சோதிக்கும், மனிதர் ஒப்புதல் மட்டும் அளிப்பார். பூங்கோதைக்குச் சுருக்கென்றது. அன்று முதல்முறையாகக் கைபேசியின் வாக்களிப்புச் செயலியில் 'ஏற்கவில்லை' என்ற சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். 'உங்கள் சம்மதத்துக்கு நன்றி' என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே நன்றி.

பக்கத்து இருக்கை அல்போன்ஸிடம் குனிந்து, "சார், இந்த ஓட்டுப் போடுற ஆப்பை யாரு டெஸ்ட் பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"நம்ம ஆளுங்களே செஞ்சதுதானே மேடம். அதுக்கு எதுக்கு டெஸ்ட்டு?"

அவர் விரலும் சிவப்பின் மேல்தான் இருந்தது. அவருக்கும் நன்றி வந்திருந்தது. அவள் பார்ப்பதைக் கண்டதும் கைபேசியை மடியில் கவிழ்த்தார்.

"இதுவும் ஒருமனதாத்தாங்க!" என்றார் மேடையில் இருந்த தலைவர். அல்போன்ஸ் கைதட்டினார். அரங்கமே தட்டியது. பூங்கோதை வரிசை வரிசையாகத் திரும்பிப் பார்த்தாள். மடிக்கு மடி கைபேசிகள் குப்புறக் கிடந்தன.