உறுப்பினர் மட்டும் உள்ளே

குளம் இனி யாருக்கு என்று முடிவு செய்ய, முதலையின் தலைமையில் குழு கூடியது. உறுப்பினரான எருமை, முதுகில் மைனாவோடு வந்தது. ஆண்டவன் எருமைக்குக் கொம்பைக் கொடுத்துவிட்டு, யோசனையை மைனாவிடம் கொடுத்து வைத்திருந்தான். உண்ணி பொறுக்குவதும், எதற்குத் தலையாட்டலாம் என்று காதில் சொல்வதும் மைனாதான்.

"எருமையாரே, இது ரகசியக் கூட்டம். பணியாளர்கள் வெளியே இருக்கணும், அதுதான் விதி," என்றது முதலை.

"இறங்கிக்கடி. விதின்னா விதிதான்," என்றது எருமை பெருமையாக.

"அப்போ இந்த உண்ணியெல்லாம்?" என்று கேட்டது மைனா.

"அதுங்க என்ன பணியா செய்யுது?" என்று சிரித்தது முதலை.

உள்ளே முதலை தீர்மானத்தை வாசித்தது: குளம் முழுக்கத் தலைவருக்கே. அந்த நேரம் பார்த்துக் காதுக்குள் ஓர் உண்ணி நறுக்கென்று கடிக்க, எருமை தலையைப் பலமாக ஆட்டியது.

"அடடா, எவ்வளவு மனப்பூர்வமான சம்மதம்!" என்று கூட்டத்தை முடித்தது முதலை.

வாசலில் மைனா பதறியது. "அண்ணே, குளம் என்னாச்சு?"

"உள்ளே நடந்ததை உன்கிட்ட சொல்லக்கூடாதுடி," என்றது எருமை. சொல்லிவிட்டு, வெயில் தாங்காமல், எப்போதும்போல் குளிக்கப் போனது.

முதலை முன்னாலேயே போய் வாயைத் திறந்து வைத்திருந்தது.