ஒலிக்காத எச்சரிக்கை

மீனவர்களுக்கான புயல் எச்சரிக்கையை வானதி தன் குரலில் பதிந்து இணையதளத்தில் ஏற்றுவாள். எந்த ஒலி வடிவத்தில் ஏற்றினாலும் ஏதாவது ஒரு பிரவுசர் ஊமையாகிவிடும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வடிவம் வேண்டும் என்று பிரவுசர்களைத் தயாரிப்பவர்களின் கூட்டங்களில் அவள் ஆண்டுக்கணக்காகக் கேட்டும் யாரும் இறங்கிவரவில்லை.

புயல் ஓய்ந்து, தேடுதலையும் நிறுத்திய பிறகு, கரை திரும்பாத லூர்துவின் மனைவி ரொசிட்டா அவனுடைய போனோடு வானதியின் அலுவலகத்துக்கு வந்தாள்.

“கெளம்புறப்ப இதத்தாம்மா அழுத்திப் பாத்தாரு. சத்தமே வரல. அப்ப ஒண்ணுமில்லன்னு போன வீட்டுல வச்சிட்டுப் போயிட்டாரு.”

வானதி அழுத்தினாள். திரையில் நொடிகள் ஓடின, குரல் எழவில்லை.

“என்னம்மா சொல்லியிருந்தீங்க?”



“கடலுக்குப் போக வேண்டாம்னு,” என்றாள் வானதி.