பின்சீட்டுக் காவல்

"தம்பி, அவ கை பக்கத்துல உங்க கைக்கு என்ன வேலை?"

பின்சீட்டிலிருந்து வந்த மாமியாரின் குரலைக் கேட்டதும் பயிற்சியாளர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கியரைச் சரி பண்ணப் போனேம்மா. ரெண்டாவது போட வேண்டிய இடத்துல நாலாவது போட்டுட்டாங்க."

"அதை வாயால சொல்லலாமே. எந்த கியர், எந்த வேகத்துல, எந்தக் காலை எப்ப எடுக்கணும்... எல்லாத்தையும் விவரமா சொல்லுங்க. அவளுக்குக் காது நல்லாவே கேக்கும்."

"ஆமா சார்" என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மருமகள். "கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க."

சத்தமாகவே சொன்னார். அதே பாடம், ஒன்பதாவது தடவை.

பெண்களைக் கார் ஓட்டப் படிக்க அனுப்பும்போது துணைக்கு ஆள் வருவது அவருக்குப் புதிதில்லை. அப்பா வருவார், அண்ணன் வருவான். இரண்டாம் நாளே பின்சீட்டில் குறட்டை கேட்கும். இந்த மாமியார் கொட்டாவிகூட விடவில்லை. இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே நந்தி மாதிரி தலையை நீட்டிக்கொண்டு, நாலு கைகளையும் நாலு கால்களையும் கண்காணித்தார். அவ்வப்போது ஒரு சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். வீட்டில் போய்ப் படித்துக் காட்டத்தான் இருக்கும் என்று பயிற்சியாளர் தன் கைகளை இன்னும் ஓரமாக வைத்துக்கொண்டார்.

மாமனார்தான் முதல் நாள் நேரில் வந்து சேர்த்துவிட்டுப் போனார்.

"எங்க அம்மா கார்ல முன்சீட்டுல உக்காந்ததே இல்லை, தம்பி. என் சம்சாரத்தை நான் முன்சீட்டுல உக்கார வச்சேன். என் மருமக ஓட்டட்டும். எதுவும் படிப்படியா வரணும், என்ன சொல்றீங்க?"

மாமனாருக்குப் பின்னால் நின்றிருந்த மாமியார் பலமாகத் தலையாட்டினார்.

"ஆனா தனியா அனுப்ப முடியாது. இவ கூட வருவா. அப்புறம், டெஸ்ட் ஒரே தடவைதான். தோத்துட்டா அதோட கார் பேச்சே வீட்டுல கூடாது."

அந்த ஒரே தடவைதான் பயிற்சியாளருக்குக் கவலை. பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் படித்த யாரும் டெஸ்டில் தோற்றதில்லை. இந்தப் பெண்ணோ இன்று ஒழுங்காகச் செய்ததை நாளைக்குத் தப்பாகச் செய்தாள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னால் வண்டி அணைந்துவிடும். "மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்பாள். ஒரே ஒருநாள், குறுக்கே சைக்கிள் ஒன்று பாய்ந்தபோது, அவர் கால் தன் பக்கத்து பிரேக்கைத் தொடுவதற்குள் அவளே வண்டியை நிறுத்தியிருந்தாள். குருட்டு அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டார்.

பயம் மாமியாருக்கும் இருந்தது போலிருக்கிறது. எதிரே பஸ் வந்தால் அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். காலில் புது ஷூ. தினமும் விடியற்காலையில் மாமியாரும் மருமகளும் ஒன்றாக வாக்கிங் போகிறார்களாம். இவ்வளவு ஒற்றுமையான மாமியார் மருமகளைப் பார்த்ததே இல்லை என்று மாமனார் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

கடைசி வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினார்.

"அம்மா, தப்பா நினைக்கக் கூடாது. நீங்க பின்னாடி இருக்கிறதாலதான் அவங்களுக்குப் பதற்றம். நாளைக்கு டெஸ்டுக்கு மட்டும் வராதீங்களேன்."

"நான் வராமலா? நல்லா இருக்கே கதை."

"வேணும்னா தேதியைத் தள்ளிப் போடலாம்மா. விண்ணப்பத்தை எங்க ஆபீஸ்லயே கொடுத்திருந்தா..."

"வேண்டாம் சார்" என்றாள் மருமகள். "நானே பதிவு பண்ணிட்டேன். நாளைக்கே முடிச்சுடலாம்."

அன்று சாயங்காலம் பயிற்சியாளர் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார்.

மறுநாள் காலை டெஸ்ட் மைதானத்தில் காரை நிறுத்திவிட்டுப் பயிற்சியாளர் ஹேண்ட்பிரேக்கை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மருமகள் சாவகாசமாக ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி, கையில் ஒரு காகிதத்தோடு வருவது தெரிந்தது.

"அம்மா, கொஞ்சம் இறங்கிடுங்க. டெஸ்ட் எடுக்கும்போது பின்சீட்டுல யாரும் இருக்கக் கூடாது" என்றார் பயிற்சியாளர்.

"பின்சீட்டுல உக்கார நான் வரலை, தம்பி" என்றபடி மாமியார் இறங்கினார். நோட்டை மருமகள் கையில் கொடுத்தார்.

அதிகாரி காகிதத்திலிருந்த புகைப்படத்தைப் பார்த்தார். மாமியாரின் முகத்தைப் பார்த்தார். "ஏறுங்கம்மா" என்று ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார்.

பயிற்சியாளர் இறங்கி, கூடவே இறங்கிய மருமகள் பக்கம் திரும்பினார்.

"என் லைசென்ஸுக்கு ஆறு வயசாச்சு சார். கல்யாணத்தப்ப யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. எனக்கு ஓட்டத்தான் வரும், சொல்லிக்கொடுக்க வராது. அதுக்குத்தான் நீங்க. காலைல என் ஃப்ரெண்டோட கார்ல அத்தை உங்க பாடத்தை ஓட்டிப் பாத்துடுவாங்க. வீட்டுல அதுக்குப் பேரு வாக்கிங்."

பயிற்சியாளர் கார் ஜன்னலுக்குக் குனிந்தார். "அய்யாவுக்குத் தெரிஞ்சா என்னம்மா சொல்வீங்க?"

மாமியார் பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, வண்டியை ஒரு குலுக்கல்கூட இல்லாமல் எடுத்தார்.

"படிப்படியா சொல்லிக்கிறேன், தம்பி."