ஓலவி இறக்கிய தட்டு

"ஏறுய்யா படகுல! நீ பண்ணின அநியாயத்தை உன் கண்ணாலயே பாரு!"

சௌனா என்ற நீராவிக் குளியலிலிருந்து துண்டோடு வந்த பக்கத்து வீட்டு ரைமோவை ஏற்றிக்கொண்டு, ஓலவி வேகமாகத் துடுப்பு வலித்தார். பதினைந்து வருடமாக வாராவாரம் ஏரி நடுவில் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, எத்தனை மீட்டரில் மறைகிறது என்று குறித்துவருகிறவர் அவர். தண்ணீர் கலங்கினால் தட்டு சீக்கிரமே மறைந்துவிடும்.

"போன கோடையில அஞ்சு மீட்டர். இப்ப மூணு! மறுபடியும் கரை நாணலை வெட்டிட்டு, புல்லுக்கு உரம் கொட்டி ஏரியைக் கலக்குறியா?"

"சத்தியமா இல்லப்பா. நீ சண்டை போட்டதுலேருந்து உர மூட்டையே வாங்கல."

"புளுகாதே." ஓலவி தட்டை இறக்கினார். "இதோ மூணு. மறைஞ்சிடுச்சா?"

"எங்கே மறைஞ்சுது? பளிச்சுனு தெரியுதே. இன்னும் விடு."

நாலு. அஞ்சு. கயிற்றின் ஆறாவது முடிச்சும் தண்ணீருக்குள் போனது.

"இப்பதான் மறையுது" என்றார் ரைமோ.

ஓலவி கண்ணைக் கசக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டை நீட்டினார்.

"ஆறுன்னு எழுது. இனிமே வாராவாரம் நீதான் தட்டு இறக்கணும்."

"ஏன், உனக்கு என்னாச்சு?"

ஓலவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஏரிக்கு ஒண்ணுமில்லய்யா. எனக்குத்தான் கண்ணுல புரை!"