மண்டபத்து விளக்கு

திருத்தாத நிச்சயதார்த்த வீடியோ முழுக்க மஞ்சளடித்துக் கிடந்தது. எது வெள்ளை என்று கணினிக்குக் காட்டிவிட்டால் மற்ற நிறங்கள் தாமே சரியாகிவிடும். எடிட்டர் தேவசகாயம் வழக்கம்போல, பந்திக் காட்சியில் மாப்பிள்ளையின் கண்வெள்ளையைத் தொட்டான். பந்தி மொத்தமும் நீலம் பாரித்தது. இலையில் இட்லிகூட நீலம். திகைத்துப்போய் இட்லியைத் தொட்டான். பட்டும் பூவும் அதனதன் நிறத்துக்கு வந்தன. மாப்பிள்ளையின் கண்கள் மட்டும் மஞ்சளாகவே நின்றன.

கல்யாணப் பெண்ணுக்குப் போன் செய்தான்.

“மாப்பிள்ளைக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?”

“கொஞ்சம் அசதின்னார். ஏண்ணா, கண்ணு மஞ்சளாத் தெரியுதா? நான் அன்னைக்கே கேட்டேன். மண்டபத்து லைட்டுன்னு அவங்க வீட்ல சொன்னாங்க. வெள்ளையாக்கிடுங்கண்ணா.”

திரையில், அதே விளக்கின் கீழ், இட்லிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன.