சாக்கெட் பெட்டி

“வருசத்துக்கு ஒருக்காக் கழட்டற ஒத்தை நட்டுக்கு ஒரு பெட்டி நிறையச் சாமானா? ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா?”

சௌந்திரம் வாசலில் நின்று கத்தினாள். தெரு முழுக்கக் கேட்கட்டும் என்றே கத்தினாள்.

கணவர் மருதாசலம் வண்டியிலிருந்து இரும்புப் பெட்டியை இறக்கினார். ஒத்தாசைக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. அத்தனை கனம்.

“சேலம் செவ்வாய்ப்பேட்டையில பாதி விலைக்குக் கிடைச்சுது சௌந்திரம். மிலிட்டரி லாரிக்கு வச்சிருந்த சாக்கெட் செட்டு. கைப்பிடி மாட்டற முனையே முக்கா இஞ்சு! இதுல மாட்டித் திருகுனா, எப்பேர்ப்பட்ட நட்டும் கழண்டுதான் ஆகோணும்.”

“உங்களுக்குத்தான் ஏதோ கழண்டு போச்சு!”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கிணற்று ஆயில் என்ஜினில் ஒரு பெரிய நட்டு உண்டு. போன கோடையில் அது இறுகிக்கொண்டது. ராசிபுரத்து மெக்கானிக் சாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஆடி அசைந்து வருவதற்குள் மிளகாய்ச் செடி மொத்தமும் காய்ந்துவிட்டது. இனி எவன் தயவும் வேண்டாம் என்றுதான் சொந்தமாக வாங்கினார்.

வாங்கிய மாதமே ஊருக்குக் கரண்ட் வந்தது. கிணற்றில் மோட்டார் உட்கார்ந்தது. ஆயில் என்ஜின் விலை போனது. பெட்டி மட்டும் வேலையில்லாமல் நின்றது.

டீக்கடையில் சும்மா விடுவார்களா?

“மருதாசலண்ணா, சட்டைப் பொத்தான் லூசா இருக்குது. உங்க செட்டைக் கொண்டாந்து முடுக்கி உடறீங்களா?”

மருதாசலம் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். கொஞ்ச நாளில் சாப்பாடும் குறைந்தது. தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது.

“பழைய இரும்புக்காரன் வந்தாச் சொல்லு. எடைக்குப் போட்டர்லாம்” என்றார் ஒருநாள்.

“போடுங்க, போடுங்க! வாங்கறப்ப என்னையக் கேட்டீங்களா?”

அந்த சாக்கெட் கைப்பிடி இருக்கிறதே, அது கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஒரே பக்கம்தான் சுற்றும். சௌந்திரத்தின் வாயும் அதே ஜாதி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மனுசன் நொந்து கிடக்கும்போதும் குத்திக் காட்டுகிறாளே, இவளெல்லாம் ஒரு பெண்டாட்டியா?

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு லாரி நின்றது. அந்த ரோட்டில் கடலைக்காய் மூட்டை ஏற்றிப் போகும் சேலத்து டிரைவர் செபஸ்தியான் இறங்கினான்.

“ஏனுங்கண்ணா, சக்கரத்து நட்டு அசைய மாட்டேங்குது. உங்ககிட்டப் பெரிய செட்டு இருக்குதாமே?”

மருதாசலம் படுத்திருந்த கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார். பெட்டி திறந்தது. சாக்கெட்டை மாட்டி, கைப்பிடியில் தொங்கி, கழுத்து நரம்பு புடைக்க ஓர் இழுப்பு. ‘டக்!’

“அடேங்கப்பா! சேலத்துலயே இப்பிடி ஒரு செட்டு நான் பாத்ததில்லீங்கண்ணா!”

“ஆமா, கழட்டிட்டாரு! ஓடிப்போயி மாலை வாங்கியா!” என்று உள்ளேயிருந்து சௌந்திரம் கத்தினாள். கத்திக்கொண்டே டிரைவருக்கு ஒரு சொம்பு மோரும் கொண்டுவந்து வைத்தாள்.

அன்றைக்கு மருதாசலம் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளியும் செபஸ்தியான் வந்தான். வேறொரு சக்கரம். நடுவில் ரைஸ் மில் வெள்ளியங்கிரி மெஷின் நட்டைக் காட்ட அழைத்துப் போனார். பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பாலசுந்தரம் மாட்டு வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

“மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க.”

“ஏப்பா, மாட்டு வண்டிக்கு ஏதுப்பா நட்டு? கடையாணிதான?”

“எனக்கும் அதே சந்தேகந்தானுங்க மாமா. எதுக்கும் நீங்க ஒருக்காப் பாத்துருங்க.”

மருதாசலம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நெடுநேரம் தேடினார். நட்டு இல்லை. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு களை! மாடுகள்தான் பாவம், இவர் எப்போது எழுந்திருப்பார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தன.

சௌந்திரம் மட்டும் மாறவே இல்லை.

“அடுத்தது ஆட்டுக்கல்லைத் தூக்கிட்டு வருவானுங்க! அதுலயும் நட்டுத் தேடுங்க!”

டீக்கடையில் இப்போது மருதாசலத்துக்குத் தனி பெஞ்சு. “ஊரே அந்த மனுசனைத் தேடி வருது. கட்டுனவளுக்கு மட்டும் அருமை தெரியல” என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

இந்த வெள்ளிக்கிழமையும் லாரி வந்தது. மருதாசலம் துண்டை இறுக்கிக் கட்டி, சாக்கெட்டை மாட்டி, மூச்சைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். நட்டு சுலபமாகக் கழன்று கையோடு வந்துவிட்டது.

“இவ்வளவுதானா?” அவர் முகம் தொங்கிப் போனது. கை கழுவக் கிணற்றுப் பக்கம் நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் சௌந்திரம் மோர்ச் சொம்போடு வெளியே வந்தாள். முந்தானையில் மறைத்து வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்துச் செபஸ்தியான் கையில் திணித்தாள்.

“ஏஞ்சாமி, அடுத்த வாரத்துக்கு நட்டை நல்லா முடுக்கிக் கொண்டா. அவரு வேர்த்து விறுவிறுத்தாத்தான் வயிறாரச் சோறு திங்கறாரு.”