வராதவருக்கான நாற்காலி

குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடிப் பேசுவார்கள். இன்னும் வந்து சேராதவருக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைப்பது அங்கே வழக்கம். கடைசியில் நாற்காலிகளை மடக்கி அடுக்குவது அவர்களில் ஒருவரான தச்சரின் பொறுப்பு. குடிக்காமல் நாற்பது நாளை எப்படியோ தள்ளியிருந்தார் மனுஷன்.

அவர் கவலையெல்லாம் தம்பியைப் பற்றித்தான். பஸ் ஓட்டுகிறவன், குடித்துவிட்டே வண்டியை எடுக்கிறான். வாராவாரம் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"நீங்க திருந்துங்கண்ணே. நம்ம குடும்பத்துக்கு ஒரு நல்லவர் போதும்" என்று சிரிப்பான் அவன்.

மூன்று வாரமாக அந்தக் காலி நாற்காலியை மடக்கும்போது, யாரோ அப்போதுதான் எழுந்து போனதைப் போல இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் வெயில் விழுவதில்லை. தச்சர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், மறுபடி குடித்துவிட்டான் என்பார்கள்.

நான்காவது ஞாயிறு, கூட்டம் நடக்கும்போதே தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது. வாசலுக்குப் போய் எடுத்தார்.

"மாமா, நாலு வாரமா ஞாயித்துக்கிழமை இந்த நேரத்துல மட்டும் அவரை எழுப்பவே முடியல. உடம்பு சில்லுன்னு கிடக்கு."

"இப்ப என்னம்மா பண்றான்?"

"தூங்குறாரு. தூக்கத்துலயே தேம்பித் தேம்பி அழறாரு மாமா."

தச்சர் அறைக்குள் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலிக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெரியவர், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தோள் இருக்கக்கூடிய உயரத்தில், வெறும் காற்றை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.